மேல் பாகம் ஒரு பேட்டர்ன், கை இன்னொன்று, பாவாடை வேறொன்று: 21 செ.மீ. இடிக்கிறது, என்ன செய்வது?

#1 புதுநூல்

வணக்கம். தைக்கக் கற்றுக்கொண்டு ஒன்றரை வருடம் ஆகிறது. இதுவரை பேட்டர்னில் (துணியை வெட்ட வழிகாட்டும் காகித வடிவம்) எங்கே கோடு இருக்கிறதோ அதன் மேலேயே கத்தரியை ஓட்டியவள். இப்போது மனதில் ஓர் உடை இருக்கிறது. அது எந்த ஒரு பேட்டர்னிலும் முழுதாக இல்லை.

மேல் பாகம், கை இல்லாத பிரின்சஸ் கட் (மார்பின் மேல் இடுப்பு வரை ஓடும் நீளத் தையல்களால் வடிவம் தருவது), பின்னால் ஜிப். போன வருடம் இதை ஒருமுறை தைத்தேன். என் உயரம் 157 செ.மீ.தான் என்பதால் நீளத்தில் 2 செ.மீ. குறைத்தேன். தோளும் மார்பும் கச்சிதமாக உட்கார்ந்தன.

கை, தொளதொள சட்டை மாதிரியான வேறோர் உடையின் பஃப் கை. அந்த உடையில் எனக்குப் பிடித்தது கை மட்டும்தான்.

பாவாடை, ஆறு பேனல் வைத்து கீழே விரியும் வகை. ஒரு தையல் இதழின் இணைப்புத் தாளிலிருந்து நகல் எடுத்தது. அதற்கு ஜிப் பக்கவாட்டில் வருகிறது.

துணி பருத்தி-லினன் கலவை. நனைத்துக் காயவைத்து இஸ்திரி போட்டுத் தயார். நேற்று காகிதங்களைத் தரையில் பரப்பி அளந்தால், மேல் பாகத்தின் இடுப்பு 95.5 செ.மீ., பாவாடையின் இடுப்பு 74. என் இடுப்பு 71. நடுவில் இருக்கும் 21.5 செ.மீ.யை எங்கே ஒளிப்பது? கையும் சேரவில்லை. ஆர்ம்ஹோல், அதாவது கையைப் பொருத்தும் துளையின் சுற்று 41, கையின் மேல் வளைவு 58. துணியில் கத்தரி வைக்கவே பயமாக இருக்கிறது.

#2 பாபின்கேஸ்

பாவாடை பெரிதாக இருந்தால் சுருக்கம் வைத்து ஒப்பேற்றலாம். இங்கே மேல் பாகமல்லவா பெரிது! தலைகீழாகப் போட்டுக்கொள்ளுங்கள் :)

#3 கத்தரிமுனை

இதற்கு ஏன் பயம்? பிரின்சஸ் கட் என்றால் முன்னால் மூன்று, பின்னால் நான்கு, ஆக ஏழு துண்டு. துண்டுக்கு 3 செ.மீ. குறைத்தால் 21 போய்விடும். மீதி அரை செ.மீ. கண்ணுக்கே தெரியாது. டாட் (துணியைக் கூம்பாக மடித்துப் பிடிக்கும் தையல்) கூடத் தேவையில்லை, இருக்கிற தையல்களிலேயே உள்ளே தள்ளிப் பிடியுங்கள். நான் எத்தனையோ உடைகளை இப்படித்தான் சிறிதாக்கியிருக்கிறேன்.

#4 இஞ்ச்டேப்

தயவுசெய்து எதையும் குறைக்க வேண்டாம்! துண்டுக்கு 3 செ.மீ. என்று கத்தரிமுனை எழுதியதைப் படித்ததும்தான் பொறி தட்டியது.

புதுநூல், அந்த மேல் பாகப் பேட்டர்னில் தையலுக்கான இடம் சேர்ந்தே வருகிறதா? ஓரத்துக்கு 1.5 செ.மீ. என்றால் துண்டுக்கு இரண்டு ஓரம், 3 செ.மீ. ஏழு துண்டுக்கு 21. நீங்கள் காகிதத்தின் வெட்டு ஓரத்திலிருந்து வெட்டு ஓரம் வரை அளந்திருக்கிறீர்கள். தைத்து முடித்ததும் அந்த 21 செ.மீ.யும் உள்ளே போய்விடும். மிச்சம் 74.5.

இந்த உடையை ஏற்கெனவே தைத்ததாகச் சொன்னீர்களே. அலமாரியிலிருந்து எடுத்து இடுப்பில் டேப் வைத்துப் பாருங்கள்.

இன்னொன்று. பாவாடையை இதழ்த் தாளிலிருந்து நகல் எடுத்தேன் என்கிறீர்கள். அதில் தையலுக்கு இடம் சேர்ந்திருக்கிறதா என்று குறிப்பைப் படியுங்கள். பட்டரிக், மெக்கால்ஸ், சிம்ப்ளிசிட்டி, வோக் ஆகிய நிறுவனங்களின் உறைப் பேட்டர்ன்களில் பொதுவாக 1.5 செ.மீ. சேர்ந்தே இருக்கும், அங்குலத்தில் 5/8. பர்டா இதழோடு வரும் தாள்களில் அந்த இடம் கிடையாது, நாமேதான் விட்டு வெட்ட வேண்டும். சிறிய வடிவமைப்பாளர்கள் பலர் 1 செ.மீ. மட்டும் கொடுக்கிறார்கள். இரண்டு பேட்டர்னைச் சேர்க்கும்போது காகிதத்தின் ஓரத்தை ஓரத்தோடு ஒப்பிட்டால் கணக்கு உதைக்கத்தான் செய்யும். தையல் கோட்டைத் தையல் கோட்டோடுதான் ஒப்பிட வேண்டும்.

#5 புதுநூல்

அளந்துவிட்டேன். 74.5!

பாவாடைத் தாளில் தையலுக்கான இடம் இல்லவே இல்லை. கீழே சின்ன எழுத்தில் போட்டிருக்கிறது, நகல் எடுக்கும்போது நான் கவனிக்கவில்லை. அப்படியே வெட்டியிருந்தால் ஆறு தையலுக்கு 18 செ.மீ. போய் இடுப்பு 56 ஆகியிருக்கும். பின்னால் ஜிப்புக்காக நடுவைப் பிளந்தால் 53. மேல் பாகத்திலும் 21 குறைத்திருந்தால் அதுவும் 53.5. அழகாக ஒன்றோடொன்று பொருந்தியிருக்கும், எனக்குள் மட்டும் நுழைந்திருக்காது.

#6 பாபின்கேஸ்

பொருத்தம் என்றால் அதுதான் பொருத்தம். சின்னப் பிள்ளைக்குக் கொடுத்திருக்கலாம்.

#7 கத்தரிமுனை

என் மேல் தப்புதான். தைத்த உடையைச் சிறிதாக்கும் பழக்கத்தில் சொல்லிவிட்டேன். காகிதம் வேறு, தைத்த உடை வேறு.

#8 ஓரத்தையல்

இடுப்புப் பிரச்சினை தீர்ந்ததில் மகிழ்ச்சி. ஆனாலும் ஒரு விஷயத்தை முதலிலேயே முடிவு செய்துகொள்ளம்மா. மூன்று பேட்டர்னில் எது மூத்தது? மூத்ததை அசைக்கக் கூடாது, மற்ற இரண்டும் அதற்கு விட்டுக்கொடுக்க வேண்டும். எனக்குக் கற்றுக்கொடுத்தவர் தோளும் மார்பும் சரியாக உட்காரும் துண்டையே மூத்ததாக வைக்கச் சொல்வார். பாவாடையைத் திருத்துவது சுலபம், கையைத் திருத்துவது கொஞ்சம் கடினம், தோளைத் திருத்துவதுதான் நம்மைப் படுத்திவிடும். உன் பிரின்சஸ் ஏற்கெனவே பொருந்துகிறது. அதுவே மூத்தது.

அடுத்து கை. கையையும் ஆர்ம்ஹோலையும் வரைகிறவர் ஜோடியாகத்தான் வரைகிறார். கையை மட்டும் பிரித்து எடுத்து வந்தால் ஜோடி கலைந்துவிடும். சட்டை பேட்டர்னின் கை வேண்டுமென்றால் அதன் ஆர்ம்ஹோலையும் கூடவே கொண்டு வர வேண்டும். அந்தச் சட்டையின் சொந்த ஆர்ம்ஹோல் எவ்வளவு? தையல் கோட்டில் அளந்து சொல். டேப்பைப் படுக்க வைக்காமல் ஓரமாக நிமிர்த்தி வைத்தால் வளைவில் வழுக்காமல் போகும்.

#9 கத்தரிமுனை

ஓரத்தையல் அக்கா, இந்த முறையும் தப்பாகச் சொன்னால் மன்னிக்கவும். ஆனால் இது பஃப் கை. 58 இருந்தால் என்ன, 68 இருந்தால் என்ன? ஆர்ம்ஹோல் 41 என்றால் மீதி 17 செ.மீ.யையும் சுருக்கத்தில் விட்டுவிடலாமே. பஃப் இன்னும் கொஞ்சம் உப்பலாக வரும், அவ்வளவுதான். ஆர்ம்ஹோலை மாற்றுகிற வேலை எதற்கு?

#10 ஓரத்தையல்

கத்தரிமுனை, பாதி சரி. சுருக்கம் எங்கே விழுகிறது என்று பார். முன் நாட்சிலிருந்து (நாட்ச் என்றால் துண்டுகளைப் பொருத்த ஓரத்தில் இடும் குறி) தோள் வழியாகப் பின் நாட்ச் வரை, மேல் பாதியில் மட்டும்தான். அக்குளுக்கு அடியில் கீழ்ப் பாதியில் சுருக்கமே வராது, வரவும் கூடாது. அங்கே கையின் வளைவும் மேல் பாகத்தின் வளைவும் நீளத்தில் மட்டுமல்ல, வடிவத்திலும் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லையென்றால் அக்குளில் துணி பிதுங்கும், அல்லது கையைத் தூக்கும்போது அறுக்கும்.

கை இல்லாத உடைக்கு ஆர்ம்ஹோலை வேண்டுமென்றே சற்று மேலே ஏற்றி, பக்கத்திலும் இறுக்கமாக வரைவார்கள். உள்ளே எட்டிப் பார்க்கக் கூடாது என்பதற்காக. அதிலேயே கையை ஏற்றினால் அக்குளில் நெருக்கும். ஆக கீழ்ப் பாதிக்கு மாற்றம் தேவை.

மேல் பாதியில் உன் பேச்சு பலிக்கிறது. பஃப் கைக்குத் தோள் சற்றுக் குட்டையாக இருந்தால்தான் நல்லது, 1 முதல் 1.5 செ.மீ. வரை குறைத்தே வரைவது வழக்கம். அப்போதுதான் உப்பல் தோளின் மேல் நிற்கும், புஜத்தில் சரியாது. கை இல்லாத உடையின் தோள் ஏற்கெனவே குட்டைதான். ஆக மேல் பாதி பிரின்சஸிலிருந்து, கீழ்ப் பாதி சட்டையிலிருந்து. இருவரும் ஜெயித்தோம் என்று வைத்துக்கொள்வோம்.

#11 மிதிதையல்

கை மாற்றிய கதை என்னிடமும் ஒன்று உண்டு. பனியன் துணிக்கான பேட்டர்னின் கையை, இழுபடாத பருத்தித் துணியில் வெட்டிய மேல் பாகத்தில் வைத்தேன். அளவு அச்சுப் பிசகாமல் ஒட்டியது. அதுதான் என்னை ஏமாற்றியது. போட்டுக்கொண்ட பிறகு கையை முழங்கை உயரத்துக்கு மேல் தூக்க முடியவில்லை. தலை சீவ வேண்டுமென்றால் உடையைக் கழற்ற வேண்டும். இழுபடும் துணிக்கான கையில் புஜ அகலமே உடம்பு அளவை ஒட்டித்தான் இருக்கும், மீதியைத் துணி பார்த்துக்கொள்ளும். சாதாரணத் துணியில் அந்த லூஸை நாம்தான் வைக்க வேண்டும். கலப்பது என்றால் துணி இனமும் ஒன்றாக இருக்கட்டும்.

#12 புதுநூல்

என் மூன்றுமே இழுபடாத துணிக்கானவை, நல்லவேளை.

அளவுகள் இதோ, எல்லாம் தையல் கோட்டில். சட்டையின் ஆர்ம்ஹோல் 46. கையின் மேல் வளைவு 58. அதில் முன் நாட்சிலிருந்து கீழே அக்குள் தையல் வரை 9.5, பின் நாட்சிலிருந்து 10.5. சட்டையின் ஆர்ம்ஹோலிலும் அந்தப் பகுதிகள் அதே 9.5, 10.5. ஜோடி என்று நீங்கள் சொன்னது இப்போதுதான் புரிகிறது.

ஒரு சந்தேகம். என் பிரின்சஸ் தையல் தோளில் முடியவில்லை, ஆர்ம்ஹோலில் போய் முடிகிறது. அங்கே துண்டு இரண்டாகப் பிரிந்திருக்கும்போது வளைவை எப்படி நகல் எடுப்பது?

#13 இஞ்ச்டேப்

இரண்டு துண்டையும் ஆர்ம்ஹோல் பக்கத்தில் மட்டும் தையல் கோடு மேல் தையல் கோடு வருமாறு ஏற்றிக் குண்டூசி குத்துங்கள். மார்பு வளைவு இருப்பதால் கீழே போகப்போகத் தூக்கிக்கொண்டு நிற்கும், கண்டுகொள்ள வேண்டாம். மேலே ஒரு சாண் தூரம் தட்டையாகக் கிடந்தால் போதும். வளைவை வரைந்த பிறகு பிரித்தால் கோடு இரண்டு துண்டிலும் தானாக வந்துவிடும். பின் பக்கமும் அப்படியே.

ஏதாவது பி.டி.எஃப்.-ஆக அச்செடுத்ததா? அப்படியென்றால் சோதனைச் சதுரத்தை அளந்தீர்களா? ஒருமுறை என் அச்சுப்பொறி தாளுக்குள் அடக்குகிறேன் என்று 97 சதவீதமாகச் சுருக்கிவிட்டது. 90 செ.மீ. மார்பு 87.3 ஆனது. மூன்று பேட்டர்னில் ஒன்று மட்டும் அப்படி இருந்தால் ஏன் சேரவில்லை என்று ஜென்மம் முழுக்கத் தேடலாம்.

#14 புதுநூல்

கை மட்டும் பி.டி.எஃப். சதுரம் சரியாக 10 செ.மீ. இருக்கிறது.

#15 வெள்ளைத்தாள்

எல்லோரும் பொறுமையாக வழி சொல்கிறீர்கள், ஆனால் ஒரு அடிப்படைக் கேள்வி. மூன்று பேர் மூன்று உடம்பை மனதில் வைத்து வரைந்ததை ஒட்டுப்போடுவதற்குப் பதில், உங்கள் அளவில் ஒரு அடிப்படை பிளாக் வரைந்து வைத்துக்கொண்டால் என்ன? அலங்காரம் எதுவும் இல்லாத, உடம்பை ஒட்டிய மேல் பாகம், கை, பாவாடை. அதிலிருந்து பிரின்சஸும் வரும், பஃப் கையும் வரும், பேனலும் வரும். ஒரு வார வேலை, பிறகு வாழ்நாள் முழுக்கக் கவலையில்லை. காகிதப் பேட்டர்ன் கடைக்கு வருவதற்கு முன்னால் எல்லோரும் உடம்பை அளந்துதானே வெட்டினார்கள்.

#16 மிதிதையல்

எல்லோரும் அளந்து வரையவில்லை, இருக்கிற உடையைப் பிரித்து அதைப் பார்த்து வெட்டியவர்களும் உண்டு. அளவுவாரியாகக் காகிதப் பேட்டர்ன் விற்பது 1863-இல் எபனேசர் பட்டரிக் என்ற அமெரிக்கத் தையற்காரரோடு சூடுபிடித்தது. அந்தக் காலப் பேட்டர்னில் அச்சே கிடையாது. மெல்லிய தாளில் துளை போட்டிருப்பார்கள், டாட் எங்கே, நாட்ச் எங்கே என்று துளையைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். அதை நினைத்தால் நம் பாடு எவ்வளவோ தேவலை.

#17 புதுநூல்

பிளாக் வரைய ஆசைதான். ஆனால் பிரின்சஸ் ஏற்கெனவே எனக்குப் பொருந்துகிறதே, அதையே என் பிளாக் என்று வைத்துக்கொள்ளக் கூடாதா?

#18 வெள்ளைத்தாள்

ஹ்ம். வைத்துக்கொள்ளலாம். கழுத்தும் ஆர்ம்ஹோலும் கை இல்லாத உடைக்கானவை என்பதை மட்டும் மறக்காமல் இருந்தால் சரி. பாவாடையில் ஒன்று பாருங்கள். இதழ்ப் பேட்டர்ன்கள் உங்களைவிட உயரமானவர்களுக்கு வரைந்தவை, பர்டாவின் வழக்கமான அளவுகள் 168 செ.மீ. உயரத்துக்கு. மேல் பாகத்தில் நீளம் குறைத்த மாதிரி, இடுப்புக்கும் சீட்டுக்கும் இடையிலும் 1 செ.மீ. போல குறைக்க வேண்டியிருக்கலாம். கீழே விரிகிற பாவாடை என்பதால் தப்பித்துக்கொள்ளும், ஒட்டிய பாவாடையாக இருந்தால் காட்டிக்கொடுத்துவிடும்.

#19 புதுநூல்

பழைய படுக்கை விரிப்பில் மாதிரி தைத்துப் பார்த்தேன். மேல் பாகம், ஒரு கை, பாவாடையில் மேலிருந்து 25 செ.மீ. மட்டும். கண்ணாடி முன் நின்றால் அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் கையைத் தூக்கினால் உடை முழுதும் கூடவே மேலே வருகிறது. இடுப்புத் தையல் விலா வரை ஏறிவிடுகிறது. அக்குளில் இறுக்கம் கிடையாது, அங்கே தாராளமாகவே இருக்கிறது. இவ்வளவு லூஸ் இருந்தும் ஏன் இழுக்கிறது?

சொன்னபடிதான் செய்தேன். பிரின்சஸ் மேல் சட்டையை வைத்து, முன் நடுவும் தோள் நுனியும் ஒன்றாக வருமாறு பிடித்து, சட்டையின் கீழ்ப் பாதி வளைவை அப்படியே வரைந்தேன். பழைய ஆர்ம்ஹோலைவிட 3 செ.மீ. கீழே போனது.

#20 ஓரத்தையல்

அந்த 3 செ.மீ.தான் காரணம். நான் விளக்கமாகச் சொல்லியிருக்க வேண்டும், வடிவத்தை எடு என்று நினைத்துக்கொண்டு எழுதினேன், இடத்தோடு எடுத்துவிட்டாய்.

ஆர்ம்ஹோலை இறக்கினால் கைக்கு வசதி என்று எல்லோருக்கும் தோன்றும். உண்மையில் தலைகீழ். கையைத் தூக்கும்போது அக்குள் மேலே போகிறது. ஆர்ம்ஹோல் அக்குளுக்குப் பக்கத்திலேயே இருந்தால் கை தனியாகச் சுழலும். கீழே தொங்கினால், அந்த இடத்தில் பக்கத் துணியும் கைத் துணியும் ஒன்றாகக் கட்டுண்டு கிடக்கின்றன, கை போகும் இடமெல்லாம் உடையும் போகத்தான் வேண்டும். தொளதொள சட்டையில் இது தெரியாது, ஏனென்றால் அதன் உடம்பிலும் லூஸ் உண்டு, இடுப்பில் எதுவும் பிடித்து நிற்பதில்லை. உன் உடை இடுப்பில் பிடித்திருக்கிறது. அதனால் இழுக்கிறது.

சட்டைத் துண்டைத் திரும்ப வை. இம்முறை கீழ் வளைவை மேலே நகர்த்து, பிரின்சஸின் பழைய ஆர்ம்ஹோலுக்கு 1.3 செ.மீ. கீழே மட்டும் நிற்கட்டும். சட்டையில் லூஸ் அதிகம் என்பதால் அதன் அக்குள் முனை பக்கவாட்டிலும் வெளியே தள்ளி நிற்கும். எவ்வளவு?

#21 புதுநூல்

கால் பாகத்துக்கு 1.75 செ.மீ. வெளியே நிற்கிறது. சட்டைக்கு மார்பில் 12 செ.மீ. லூஸ், பிரின்சஸுக்கு 5. வித்தியாசம் 7, நாலில் ஒன்று 1.75. கணக்கு சரியாக வருவதைப் பார்த்தால் சந்தோஷமாக இருக்கிறது!

#22 ஓரத்தையல்

சந்தோஷம். வளைவை உள்ளே 1 செ.மீ. போல நகர்த்து. மிச்சம் இருக்கும் முக்கால் செ.மீ.யைப் பக்கத் தையலில் சேர்த்துக்கொள், அக்குளில் முக்காலில் தொடங்கி இடுப்புக்கு வரும்போது ஒன்றுமில்லாமல் போகட்டும். இடுப்பு 74.5 மாறக் கூடாது. கையிருக்கும் உடைக்கு மார்பில் அந்தச் சிறு கூடுதல் வேண்டியதுதான். வளைவின் மேல் முனையும் பிரின்சஸின் பழைய கோடும் சந்திக்கும் இடத்தில் முட்டு இல்லாமல் கையால் இழைத்து வரை.

வளைவை முழுசாக நகர்த்துவதால் அதன் நீளம் மாறவில்லை, 9.5-உம் 10.5-உம் அப்படியே இருக்கும். கையைத் தொட வேண்டாம். நாட்ச் இடத்தை மட்டும் புதிதாகக் குறி.

#23 கத்தரிமுனை

இது எனக்கும் புதுசு. இத்தனை வருடம் "அக்குள் பிடிக்கிறது" என்றால் கீழே வெட்டிக்கொண்டே போயிருக்கிறேன்.

#24 ஓரத்தையல்

பாதி உலகம் அப்படித்தான் வெட்டுகிறது.

#25 புதுநூல்

இரண்டாவது மாதிரியில் கை தூக்கினால் இடுப்பு ஒரு விரல் அளவுதான் ஏறுகிறது. அலமாரியின் மேல் தட்டிலிருந்து பெட்டியை எடுத்துப் பார்த்தேன், பிரச்சினை இல்லை. புதிய ஆர்ம்ஹோல் 44 வருகிறது. கீழே 20 போக மேல் பாதி 24, கையின் மேல் பாதி 38, ஆக 14 செ.மீ. சுருக்கத்துக்குப் போகிறது. உப்பல் தோள் மேல் நிற்கிறது!

கடைசிச் சந்தேகம். மேல் பாகத்தின் பிரின்சஸ் தையலும் பாவாடையின் பேனல் தையலும் ஒரே கோட்டில் வரவில்லை. முன் நடுவிலிருந்து பிரின்சஸ் தையல் 8 செ.மீ.யில், பேனல் தையல் 10.5-இல். பின்னால் 9-உம் 9.4-உம். இதைச் சரிசெய்வது அவசியமா?

#26 பாபின்கேஸ்

மேலே ஒரு பெல்ட். முடிந்தது கதை.

#27 வெள்ளைத்தாள்

பெல்ட் தவறில்லை. ஆனால் நான் வைத்திருக்கும் கணக்கு இது: தையல்கள் ஒன்றாகச் சேர வேண்டும், இல்லையென்றால் நன்றாகவே விலகி நிற்க வேண்டும். இரண்டு செ.மீ. விலகல்தான் மோசம், பார்ப்பவர் "இங்கே சேர வேண்டியது தவறிவிட்டது" என்று நினைப்பார். 2.5 செ.மீ. என்பது அந்தச் சங்கடமான தூரம்தான், நான் திருத்துவேன்.

திருத்துவது பயப்படும்படி இல்லை. முன் நடு பேனலின் பக்க ஓரத்தில், தையல் கோட்டுக்கு இணையாக 2.5 செ.மீ. அகலப் பட்டையை மேலிருந்து கீழ் வரை வெட்டுங்கள். வளைவு இருந்தால் வளைவோடு. அதே 2.5-ஐப் பக்க பேனலின் ஓரத்தில் மேலிருந்து கீழ் வரை சேருங்கள். ஒருவரிடம் எடுத்து அடுத்தவருக்குக் கொடுக்கிறோம், அதனால் இடுப்பிலும் சீட்டிலும் கீழ்ச் சுற்றிலும் மொத்த அளவு மாறாது. இதை இடுப்பில் மட்டும் செய்து கீழே பழைய கோட்டில் கொண்டுபோய்ச் சேர்த்தால் பேனல் சாய்ந்து தெரியும், அதைச் செய்ய வேண்டாம். நூலோட்டக் கோட்டையும் (துணியின் நீளவாட்டு நூலோடு ஒத்து வைக்க வேண்டிய கோடு) நகர்த்த வேண்டாம், அது பேனலின் நடுவில் இருந்த இடத்திலேயே இருக்கட்டும்.

#28 இஞ்ச்டேப்

நானும் கூட்டிப் பார்க்கிறேன். முன் பக்கம் பாதி இடுப்பு இரண்டிலும் எவ்வளவு?

#29 புதுநூல்

இரண்டும் 18.5. பின்னால் பாதி 18.75-உம் 18.5-உம்.

#30 இஞ்ச்டேப்

அப்படியென்றால் முன் பக்கம் பட்டையை நகர்த்தியதும் மில்லிமீட்டர் சுத்தமாகச் சேரும். பின்னால் பக்கத்துக்குக் கால் செ.மீ. மேல் பாகம் பெரிது, அதைத் தைக்கும்போது விரலாலேயே உள்ளே அடக்கிவிடலாம். மேல் பாகம் அடிப்பக்கம் இருக்கும்படி வைத்துத் தையுங்கள், மெஷினின் பல் அடித்துணியைக் கொஞ்சம் கூடுதலாக இழுத்துக்கொள்ளும். 9-உம் 9.4-உம் என்பதை நான் விட்டுவிடுவேன், ஆனால் நான் சோம்பேறி.

#31 மிதிதையல்

வெட்டுவதற்கு முன் சில உதிரி விஷயங்கள், ஏனென்றால் கலப்புப் பேட்டர்னுக்குத் தனி வழிமுறைத் தாள் கிடையாது, மூன்று தாளும் மூன்று விதமாகச் சொல்லும்.

ஜிப்பை ஒரே இடத்தில் முடிவு செய்யுங்கள். பின் நடு என்றால், மடிப்பில் வெட்டச் சொல்லியிருக்கும் பாவாடையின் பின் பேனலுக்கு நடுவிலும் தையலுக்கு இடம் விட வேண்டும், பக்க ஜிப்பை மறந்துவிட வேண்டும். ஜிப் இடுப்புக்குக் கீழே 18 - 20 செ.மீ. வரை இறங்க வேண்டும், இல்லையென்றால் உள்ளே நுழையவே முடியாது.

பிரின்சஸோடு வரும் பட்டியை, அதாவது ஓரத்தை முடிக்க உள்பக்கம் வைத்துத் தைக்கும் துண்டைப் பாருங்கள். கை இல்லாத உடை என்பதால் கழுத்தும் ஆர்ம்ஹோலும் சேர்ந்த ஒரே பட்டியாக இருக்கும். கை வைத்த பிறகு அது உதவாது. திருத்திய மேல் பாகத்தின் கழுத்தை வைத்து 6 செ.மீ. அகலத்தில் புதுப் பட்டி வரைந்துகொள்ளுங்கள். பழைய பட்டியைக் கத்தரித்துச் சரிக்கட்டப் பார்க்காதீர்கள்.

துணி எவ்வளவு என்று மூன்று உறையிலும் போட்டிருப்பதைக் கூட்ட வேண்டாம். காகிதங்களைத் துணியின் அகலத்துக்குத் தரையில் அடுக்கிப் பார்த்தால்தான் தெரியும்.

பேனல் பாவாடை கனம். அந்தக் கனம் முழுவதும் இடுப்புத் தையலில் தொங்கும். தையலோடு சேர்த்து இழுபடாத ஒரு நாடாவை உள்ளே வைத்துத் தையுங்கள், 74 செ.மீ. நாடா. அப்போது கனத்தை நாடா தாங்கும், மேல் பாகம் கீழே இழுபடாது.

#32 புதுநூல்

முடித்துவிட்டேன். பாவாடையைத் தைத்ததும் மடிக்காமல் ஒரு முழு நாள் தொங்கவிட்டேன், பேனலின் சாய்ந்த ஓரங்கள் சில இடத்தில் 1.2 செ.மீ. வரை இறங்கியிருந்தன. தரையிலிருந்து அளந்து வெட்டிச் சமன் செய்த பிறகுதான் கீழ் மடிப்பு.

முன்னால் நான்கு தையலும் இடுப்பில் சரியாகச் சந்திக்கின்றன. பின்னால் அந்த 4 மி.மீ. இருக்கிறது. எனக்கு மட்டும்தான் தெரிகிறது, ஆனால் எனக்குத் தெரிகிறது. வலது கையை முதலில் தலைகீழாக ஏற்றிவிட்டேன், முன் பின்னாகவும் பின் முன்னாகவும். இரட்டை நாட்ச் பின் பக்கம் என்று தெரிந்தும். பிரித்துத் திரும்பத் தைத்தேன்.

பேட்டர்ன் துண்டுகளை எல்லாம் ஒரே உறையில் போட்டு, மேலே எழுதி வைத்திருக்கிறேன்: "எல்லாம் தையலுக்கு 1.5 சேர்த்து. ஆர்ம்ஹோல் 44. கீழ் வளைவு சட்டையுடையது, 1.3 மட்டும் இறக்கியது."

#33 ஓரத்தையல்

தேதியும் உன் அன்றைய அளவும் எழுதி வை.

#34 கத்தரிமுனை

அந்தப் பின் பேனலின் 4 மி.மீ.யையும் காகிதத்தில் திருத்தி வைத்துவிடுங்கள். அடுத்த முறை மறந்துவிடுவீர்கள்.

#35 பாபின்கேஸ்

அடுத்த முறையா? இன்னும் மீதி இருப்பது சட்டை பேட்டர்னின் உடம்பு. அதற்கு இப்போது கை இல்லை, பாவம்.